கொழுந்துக் கணக்கு எக்செல்லுக்குப் போய்த் திரும்பும்போது எண்ணும் பெயரும் ஏன் மாறுகின்றன?

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆப்பீஸில் மூன்று மாதத்துக்கு முன் கிளாக்கராகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் கேட்டது இது. கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசு நாள்தோறும் ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் தருகிறது. அதை எக்செல்லில் எடுத்து, ஆளுக்கு ஆள் கூட்டி, மாத முடிவில் வங்கிக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் (ஓய்வுகாலச் சேமிப்பு) மறுபடி டெக்ஸ்ட் கோப்பாகக் கொடுக்க வேண்டும். இப்படிப் போய் வருவதற்குள் ஆள் நம்பரின் முன்னால் இருந்த பூச்சியம் காணாமல் போகிறது. அடையாள அட்டை எண் 1.99ஈ+11 என்று ஏதோ ஆகிறது. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகின்றன. திகதியில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன. "அண்ணா, நான் என்ன பிழை செய்கிறேன்?" என்று கேட்டிருந்தார்.

தங்கச்சி, உங்கள் கையில் பிழை இல்லை. எக்செல்லில் ஒரு பழக்கம் இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்தப் பூச்சியத்தால் எங்கள் வீட்டிலேயே ஒருவர் கஷ்டப்பட்டிருக்கிறார்.

என் அம்மா மஸ்கெலியாப் பக்கத்தில் 30 வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். 50 வயதில் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது சில வருஷத்துக் காசு அவர் பெயரில் இல்லை என்று சொன்னார்கள். தேடிப் பார்த்ததில் விஷயம் இதுதான்: பழைய பதிவேட்டில் அம்மாவின் நம்பர் 0417. இன்னொரு டிவிசனின் பதிவேட்டில் 417 என்று வேறொருவர் இருந்தார். பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது இருவரும் 417 ஆகிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய 14 மாதம் அலைந்தோம், கொழும்புக்கு மூன்று தரம் பஸ் ஏறினோம். ஏற்றியவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணில் அது ஒரு பூச்சியம், அம்மாவுக்கு அது அவருடைய பெயர் மாதிரி. நீங்கள் கையாளும் ஒவ்வொரு வரியும் அப்படி ஒருவருடையது என்பதால், கீழே சொல்வதைப் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் டெக்ஸ்ட் கோப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். அதில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கும். இது எண், இது திகதி, இது பெயர் என்று ஒரு குறிப்பும் கிடையாது. நிறமில்லை, ஃபொண்ட் இல்லை, ஃபோர்முலா இல்லை. சிஎஸ்வி என்பதும் டெக்ஸ்ட் கோப்புதான்; ஒரு வரியில் ஓர் ஆள், விவரங்களுக்கு நடுவே கொமா. உங்கள் தராசுக் கோப்பின் ஒரு வரி '2024-03-05,0417,18.5' என்பது போல இருக்கும். கோப்புக்குத் தெரிந்தது அந்த எழுத்துகள் மட்டுமே.

எக்செல் அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகை உண்டு. ஆகவே டெக்ஸ்ட் கோப்பைத் திறக்கும்போது 'இது எண்ணாக இருக்கும், இது திகதியாக இருக்கும்' என்று அதுவாக ஊகிக்கிறது. ஊகித்ததை உங்களிடம் கேட்பதில்லை. 0417 எண் என்றால் முன் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை, எடுத்துவிடும். லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) 4, அறை 12 என்பதை யாராவது 4-12 என்று எழுதியிருந்தால் அது டிசம்பர் மாதத்துத் திகதியாகவோ ஏப்ரல் மாதத்துத் திகதியாகவோ மாறிவிடும். மலை நம்பரை (கொழுந்து பறிக்கும் பகுதியின் நம்பர்) 7ஈ2 என்று ஆங்கில ஈ எழுத்துப் போட்டு எழுதியிருந்தால் அது 700 ஆகும். நடுவில் உள்ள அந்த எழுத்தைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொள்கிறது.

அடையாள அட்டை எண்ணுக்கு வருவோம். பழைய அட்டை 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். எழுத்து இருப்பதால் எக்செல் அதைத் தொடாது. 2016க்குப் பிறகு வந்த புதிய எண் 12 இலக்கம், எழுத்தே கிடையாது. சாதாரணக் கட்டத்தில் 11 இலக்கத்துக்கு மேல் போனால் எக்செல் அதைச் சுருக்கி 1.99ஈ+11 என்று காட்டும். இந்தக் கட்டத்தில் இன்னும் ஆபத்தில்லை, உள்ளே முழு எண் பத்திரமாக இருக்கும். ஆனால் அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்புக்குப் போகும். 1.99ஈ+11 என்றே எழுதப்படும். 1990களில் பிறந்த பலருக்கும் அதே எண். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் மிச்ச இலக்கங்கள் எங்கும் இல்லை. வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே கதி வரலாம். 15 இலக்கத்துக்கு மேல் போனால் சேமிக்காமலே கடைசி இலக்கங்கள் பூச்சியமாகும், ஏனென்றால் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்திருக்கும்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. கூட்டவோ கழிக்கவோ பெருக்கவோ போகிறோமா என்று கேளுங்கள். கொழுந்து நிறையைக் கூட்டுவோம், சம்பளத்தைக் கூட்டுவோம். அவை எண்கள். ஆள் நம்பரையும் அடையாள அட்டை எண்ணையும் டெலிஃபோன் நம்பரையும் யாரும் கூட்டப்போவதில்லை. அவை இலக்கத்தால் எழுதிய பெயர்கள். அந்தக் கொலம் (மேலிருந்து கீழான நிரல்) எல்லாம் 'டெக்ஸ்ட்' வகையாக இருக்க வேண்டும், அதுவும் தரவு உள்ளே வருவதற்கு முன்னாலேயே. வந்த பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினால் போன பூச்சியம் திரும்பாது.

சரி, எப்படி உள்ளே எடுப்பது?

சிஎஸ்வி கோப்பின் மேல் இரட்டைக் கிளிக் செய்வதை இன்றோடு விடுங்கள். உங்கள் பிரச்சினைகளில் பாதி அங்கே தொடங்குகிறது. வெறும் எக்செல் பக்கத்தைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்பதை அழுத்திக் கோப்பைத் தெரிவு செய்யுங்கள். ஒரு முன்னோட்டம் வரும். அதில் மூன்று பெட்டிகள். 'ஃபைல் ஒரிஜின்' என்பதில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 (தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளையும் கோப்பில் எழுதும் குறியாக்க முறை). 'டிலிமிட்டர்' (விவரங்களைப் பிரிக்கும் குறி) என்பதில் கொமா. மூன்றாவது 'டேட்டா டைப் டிடெக்ஷன்', இதுதான் முக்கியம். வழக்கமாக அது முதல் 200 வரிகளைப் பார்த்து ஊகிக்கிறேன் என்று நிற்கும். அதை 'டு நொட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்று மாற்றுங்கள்.

முதல் 200 வரி என்பது எங்கள் தோட்டங்களில் எப்படிக் கெடுக்கும் என்று ஒரு தரம் நேரில் பார்த்தேன். பட்டியலில் மேலே புதிதாகச் சேர்ந்த இளையவர்கள், எல்லோருக்கும் 12 இலக்க அட்டை. எக்செல் முதல் 200ஐப் பார்த்துவிட்டு 'இந்தக் கொலம் எண்' என்று முடிவுகட்டியது. கீழே வந்த வயதானவர்கள் அத்தனை பேருக்கும் எண்ணின் முடிவில் வீ. அவர்கள் வரியில் எல்லாம் 'எரர்' என்று வந்து, பக்கத்தில் இறக்கியபோது வெறும் கட்டமாக நின்றது. ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் கட்டங்கள்தான் வெறுமையாக இருந்தன.

ஊகிக்க வேண்டாம் என்று சொன்னால் எல்லாமே டெக்ஸ்டாக வரும், நிறைக் கொலமும்தான். அப்படியே கூட்டினால் 'சம்' பூச்சியம் என்று காட்டும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முன்னோட்டத்தில் 'டிரான்ஸ்ஃபோர்ம் டேட்டா' என்பதற்குள் போய், நிறைக் கொலத்தை மட்டும் 'டெசிமல் நம்பர்' ஆக்குங்கள். தலைப்பு வரி தரவுக்குள் கலந்து நின்றால் அங்கேயே 'யூஸ் ஃபர்ஸ்ட் ரோ அஸ் ஹெடர்ஸ்' என்று அழுத்தலாம். ஒரு தரம் இப்படிச் செய்து வைத்தால், நாளைக்கு அதே பெயரில் அதே இடத்தில் புதிய கோப்பை வைத்து 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால் போதும்.

மைக்ரோசொஃப்ட் 365 வைத்திருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. 2023இல் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தி வைக்கும் தெரிவை 'ஒப்ஷன்ஸ்' உள்ளே 'டேட்டா' பகுதியில் கொண்டுவந்தார்கள். முன் பூச்சியத்தை நீக்குவது, நீண்ட எண்ணைச் சுருக்குவது, ஈ எழுத்தை அடுக்காக எடுப்பது, எழுத்தும் எண்ணும் சேர்ந்ததைத் திகதியாக்குவது, நான்கையும் தனித்தனியாக நிறுத்தலாம். உயிரியல் ஆய்வாளர்கள் இதற்காகப் பல வருஷம் பட்ட பாடு பெரிது. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர் மார்ச், செப்டெம்பர் மாதங்களைப் போல இருந்ததால் எக்செல் அவற்றைத் திகதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். ஆனால் தோட்ட ஆப்பீஸ் கணினிகளில் இருப்பது பெரும்பாலும் பழைய எக்செல். அதில் இந்த வசதி வராது.

பழைய எக்செல்தான் என்றால் என் ஆலோசனை லிப்ரே ஆஃபிஸ். இலவசம், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். மழைக்காலத்தில் சிக்னல் போய்ப் போய் வரும் இடங்களில் அது பெரிய ஆறுதல். அதில் சிஎஸ்வியைத் திறந்தாலே எந்தக் குறியாக்கம், எந்தப் பிரிப்பான், எந்தக் கொலம் என்ன வகை என்று முதலில் உங்களிடம் கேட்கும். கீழே தெரியும் கொலத்தின் தலையில் கிளிக் செய்து 'டெக்ஸ்ட்' என்று வைத்துவிட்டுத் திறக்கலாம். டெக்ஸ்ட் கோப்போடு வேலை செய்வதற்கு எக்செல்லைவிட இதுதான் நேர்மையானது என்பது என் கருத்து.

பத்துப் பதினைந்து வரிதான் என்றால் இவ்வளவும் வேண்டியதில்லை. வெறும் பக்கத்தில் கொலங்களை டெக்ஸ்ட் வகையாக்கிவிட்டு, நோட்பேடிலிருந்து கொப்பி செய்து ஒட்டுங்கள். நோட்பேடில் விவரங்களுக்கு நடுவே டாப் (விசைப்பலகையின் டாப் விசை போடும் இடைவெளி) இருந்தால் தானாகக் கொலம் கொலமாகப் பிரிந்து உட்காரும், பூச்சியமும் நிற்கும். எக்செல்லில் கொப்பி செய்து நோட்பேடில் ஒட்டினாலும் நடுவே டாப் போட்டுத்தான் வரும்.

இப்போது தமிழ்ப் பெயர்கள். இதில் மூன்று விதமான கெடுதல் உண்டு. மூன்றும் பார்க்க ஒன்றுபோலத் தோன்றினாலும் வைத்தியம் வேறு வேறு, ஆகவே எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

முதலாவது கேள்விக்குறி. எக்செல்லில் பெயர் நன்றாகத் தெரிகிறது, சிஎஸ்வியாகச் சேமித்தபின் வரிசையாகக் கேள்விக்குறிகள். நீங்கள் சேமித்த 'சிஎஸ்வி கொமா டிலிமிட்டட்' என்ற பழைய வகை விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதியில் எழுதும். அந்தத் தொகுதியில் தமிழ் எழுத்தே இல்லை. தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். இந்தக் கோப்பைக் காப்பாற்ற வழியில்லை. மாரியாயியும் மீனாட்சியும் ஒரே கேள்விக்குறிதான். மூல எக்செல் கோப்புக்குத் திரும்பி, 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் மறுபடி சேமியுங்கள். எக்செல் 2016க்கு முந்தியதாக இருந்து அந்த வகை பட்டியலில் இல்லையென்றால் 'யூனிகோட் டெக்ஸ்ட்' என்று சேமித்து, அதை நோட்பேடில் திறந்து, 'சேவ் அஸ்' செய்யும்போது கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தெரிவு செய்யலாம். நடுவே கொமாவுக்குப் பதிலாக டாப் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்து, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக் குறி, இதே சோடி திரும்பத் திரும்ப வருவது. இதைப் பார்த்தால் நிம்மதியாக மூச்சு விடுங்கள். கோப்பில் ஒன்றும் கெடவில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் (கணினி சேமிக்கும் சிறு அலகு) வேண்டும், அந்த மூன்றில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றேதான். எக்செல் அதைப் பழைய எழுத்துத் தொகுதி என்று நினைத்து வாசிப்பதால் அந்த முதல் பைட் கோடு போட்ட ஏயாகத் தெரிகிறது. செய்யக் கூடாத ஒன்று, அந்த நிலையில் 'சேவ்' அழுத்துவது. சேமிக்காமல் மூடிவிட்டு, மேலே சொன்னபடி 65001 கொடுத்து உள்ளே எடுங்கள். வேறு யாருக்காவது கொடுக்கும் கோப்பு, அவர் எப்படியும் இரட்டைக் கிளிக்தான் செய்வார் என்றால், நோட்பேடில் 'யூடிஎஃப்-8 வித் பொம்' என்ற வகையில் சேமித்துக் கொடுங்கள். கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் சேரும். அதைப் பார்த்து எக்செல் இது யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். வங்கி மென்பொருளுக்குப் போகும் கோப்பில் அதைச் சேர்க்க வேண்டாம். முதல் வரியின் முதல் விவரத்தில் அது ஒட்டிக்கொண்டு பிழை காட்டும்.

மூன்றாவது, தமிழ் இருந்த இடமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளைப் பார்த்தால் அது 'தமிழ்' என்ற சொல். இது பாமினி. இலங்கையில் பல வருஷம் ஆப்பீஸ்களும் அச்சகங்களும் பள்ளிக்கூடங்களும் பாமினியில்தான் தட்டின, இன்னும் நிறையப் பேர் தட்டுகிறார்கள். கட்டத்துக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. பாமினி ஃபொண்ட் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. டெக்ஸ்ட் கோப்பு ஃபொண்டைச் சுமக்காது என்று தொடக்கத்தில் சொன்னேன். அதனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. தரவு அழியவில்லை, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டு மாற்றலாம்.

பாமினியில் அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அந்த விசை அமைப்பில் 'இ' எழுத்துக்குக் கொமா, புள்ளிக்கு அரைப்புள்ளி. இந்திராணி, இராமாயி, இலட்சுமி என்று 'இ'யில் தொடங்கும் பெயர் எல்லாம் உள்ளே கொமாவில் தொடங்குகின்றன. கொமாவைக் கண்டவுடன் வெட்டும் மென்பொருளில் அந்தப் பெயருக்கு முன்னால் வெறுமையாக ஒரு கொலம் முளைத்து, அவர் வரியில் மட்டும் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். நிறை இருக்க வேண்டிய இடத்தில் மலை நம்பர். கொமாவை விட்டு அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தால் மெய்யெழுத்து இருக்கும் பெயர் எல்லாம் துண்டாகும். தமிழில் மெய்யெழுத்து இல்லாத பெயர்கள் குறைவு. பாமினிப் பட்டியல் கையில் இருந்தால் கொமாவும் வேண்டாம், அரைப்புள்ளியும் வேண்டாம். டாப் வைத்துப் பிரியுங்கள், அல்லது முதலில் யூனிகோடாக்கிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். ஆள்களின் பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் சேர்த்து முன்பின் தெரியாத இணையதளத்தில் ஒட்டாதீர்கள். பெயர்க் கொலத்தை மட்டும் கொப்பி செய்து மாற்றுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு காரணம். நம்பிக் கொடுத்தவர்களின் விவரம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பெயரைப் பற்றி இன்னொன்று. இரண்டு பட்டியலைப் பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். ஒரே தோட்டத்தில் நாலு முத்தம்மா இருப்பார்கள், அது உங்களுக்கே தெரியும். அதோடு, ஸ்ரீதேவி என்ற பெயரின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. துணைக்காலுக்குப் பதிலாக 'ர' தட்டியிருப்பார்கள், முடிவில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும். பட்டியலில் தேடிப் பொருத்தும் 'விலுக்அப்' ஃபங்ஷன் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிடும். ஆள் நம்பரை வைத்துப் பொருத்துங்கள், பெயரைச் சரிபார்க்க மட்டும் வையுங்கள்.

திகதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/03 என்பது மே 3 ஆகும். நாங்கள் எழுதுவது மார்ச் 5. 12ஆம் திகதிக்குப் பிந்தியவை, 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால், மாறாமல் டெக்ஸ்டாக நிற்கும். ஆகவே ஒரு கொலத்தில் பாதித் திகதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஒதுங்கி நின்றால், வலப்பக்கம் நிற்பவை எல்லாம் பிழையாக மாறியவை என்று சந்தேகப்படுங்கள். கோப்பில் எழுதும்போது 2024-03-05 என்று வருஷம் முதலில் வரும்படி எழுதுங்கள், யாரும் பிழையாக வாசிக்க முடியாது. திகதி இருக்க வேண்டிய இடத்தில் 45292 போல ஓர் எண் வந்தால் அது 1900 ஜனவரி 1இலிருந்து எக்செல் எண்ணும் நாள் கணக்கு. 45292 என்பது 2024 ஜனவரி 1. கட்டத்தைத் திகதி வகைக்கு மாற்றினால் சரியாகத் தெரியும்.

அப்புறம் வெளியே எடுப்பது. சிஎஸ்வியாகச் சேமித்தால் நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஒரே ஒரு ஷீட்தான் போகும். மேல் டிவிசன் ஒரு ஷீட், கீழ் டிவிசன் ஒரு ஷீட் என்று வைத்திருந்தால் ஒரு டிவிசனே சம்பளப் பட்டியலில் இல்லாமல் போகும். எக்செல் ஓர் எச்சரிக்கை காட்டும், ஆனால் அந்தப் பெட்டியை வாசிக்காமல் 'ஓகே' அழுத்துவது எல்லோருக்கும் பழகிவிட்டது. இரண்டையும் ஒரே ஷீட்டில் சேர்த்துவிட்டுச் சேமியுங்கள்.

கண்ணுக்குத் தெரிவதுதான் போகும் என்பதை இங்கே மறுபடி சொல்ல வேண்டும். 18.46 கிலோவை ஒரு தசமத்துக்குச் சுருக்கி 18.5 என்று காட்ட வைத்திருந்தால் கோப்புக்கு 18.5தான் போகும். பணத்தில் இது இன்னும் மோசம். உதாரணத்துக்கு, நாளுக்கு 1,350 ரூபா வீதம் 25 பேர் (தோட்டப் பேச்சில் ஒரு நாள் வேலை ஒரு பேர்) போட்டவருக்கு 33,750 ரூபா. ஆயிரத்துக்குக் கொமா போட்டுக் காட்டும் அமைப்பு இருந்தால் எக்செல் அதை மேற்கோள் குறிக்குள் வைத்து எழுதும். 2005இல் எழுதி வைத்த சிஎஸ்வி முறைப்படி அது சரி: கொமா உள்ள விவரத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். ஆனால் வாங்கும் மென்பொருள் அந்த முறையை மதிக்காவிட்டால் 33 ஒரு கொலம், 750 அடுத்த கொலம். அந்த மனுஷிக்கு 33 ரூபா. சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம் 2,700, தோட்டத்தின் பங்கு 12 வீதம் 4,050 என்று போக வேண்டியவையும் அதோடு குழம்பும். வெளியே அனுப்பும் ஷீட்டில் தொகைக் கொலத்தைக் கொமா இல்லாமல், இரண்டு தசமத்தோடு வையுங்கள். முகவரியிலும் இதே கதைதான், 'இல. 12, மேல் பிரிவு, பொகவந்தலாவை' என்பதில் இரண்டு கொமா. முகவரி கட்டாயம் வேண்டுமென்றால் டாப் பிரிப்பான் நல்லது.

சில வங்கிக் கோப்புகளில் கொமாவே இருக்காது. இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனை எழுத்து கிளை இலக்கம், அடுத்த இத்தனை எழுத்து கணக்கு எண் என்று இடம் வகுத்திருப்பார்கள். வங்கிக்கு 4 இலக்கம், கிளைக்கு 3 இலக்கம். கிளை இலக்கம் 015 என்றால் பூச்சியத்தோடுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரி முழுவதும் ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்துவிடும். தொகையையும் சதமாக்கி முன்னால் பூச்சியம் நிரப்பச் சொல்வதுண்டு. 33,750 ரூபா 12 இடத்தில் 000003375000 ஆகும். எக்செல்லில் 'டெக்ஸ்ட்' ஃபங்ஷனுக்கு எத்தனை இடமோ அத்தனை பூச்சியத்தைக் கொடுத்தால் இதைச் செய்து தரும். இப்படிப்பட்ட கோப்பில் தமிழ்ப் பெயர் போட வேண்டாம். மாரியாயி என்பது நமக்கு நாலு எழுத்து. எழுத்துக் குறிகளை எண்ணும் எக்செல்லின் 'லென்' ஃபங்ஷன் 8 என்று சொல்லும். யூடிஎஃப்-8 கோப்பில் 24 பைட். வங்கிக்காரர்கள் ஒதுக்கிய 20 இடத்தில் எது அடங்கும் என்று யாரும் சரியாகச் சொல்ல முடியாது. அங்கே அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலப் பெயர்தான் பாதுகாப்பு, ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல்.

கோப்பை அனுப்புமுன் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செல்லில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. கோப்பில் 0417 சரியாக இருந்தாலும் எக்செல் 417 என்றுதான் காட்டும். அதைப் பார்த்துப் பதறி, திருத்துகிறேன் என்று சேமித்தால் சரியாக இருந்த கோப்பை நாமே கெடுத்தவர்களாவோம்.

வரிகளை எண்ணுங்கள். பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஆள் எண்ணாமல் யாரையும் மலைக்கு அனுப்புவதில்லையே, இதுவும் அப்படித்தான். தராசுக் கோப்பில் எத்தனை வரி, எக்செல்லில் எத்தனை வரி, வெளியே போகும் கோப்பில் எத்தனை ஆள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மொத்தக் கிலோவையும் நிறுவைப் புத்தகத்தின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் ஆப்பீஸில் இன்னும் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பு இருந்தால் இது கட்டாயம். அதில் 65,536 வரிதான் பிடிக்கும். 600 பேர், மாதம் 26 நாள், நாளுக்கு மூன்று நிறுவை என்றால் 46,800 வரி. இரண்டாம் மாதத்தைச் சேர்க்கும்போது நிரம்பி வழியும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. பரிசோதனைக்கூடங்கள் அனுப்பிய சிஎஸ்வி கோப்புகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியதில், செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான நாட்களில் 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று சேமித்தால் 1,048,576 வரி வரை தாங்கும்.

தராசு தரும் மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள். 'மூலம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, திகதியைப் பெயராக்கி அங்கே போட்டு, 'ரீட் ஒன்லி' ஆக்கி, ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது வந்து "என் பேர் குறைகிறது" என்று சொன்னால், எடுத்துக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

ஏற்கனவே பூச்சியம் போன பட்டியல் உங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எல்லா நம்பரும் 4 இலக்கம்தான் என்று பதிவேட்டில் உறுதியாகத் தெரிந்தால் 'டெக்ஸ்ட்' ஃபங்ஷனில் நாலு பூச்சியம் கொடுத்து மீட்கலாம். சில நம்பர் 3 இலக்கம், சில 4 இலக்கம் என்றால் அப்படிச் செய்யாதீர்கள். என் அம்மாவுக்கு நடந்தது திரும்ப நடக்கும். செக்ரோலை (ஆள்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 600 பேருக்கு இரண்டு நாள் போகும், கணக்கப்பிள்ளையை (மலையில் வேலையை மேற்பார்ப்பவர்) பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு நாளில் முடியும், அவருக்கு ஆள்களை முகத்தோடு தெரியும். வங்கி கொடுத்த மாதிரிக் கோப்பு இருந்தால், பெயரையும் எண்களையும் மாற்றிவிட்டு முதல் இரண்டு வரியை மட்டும் எழுதுங்கள். எந்த இடத்தில் எத்தனை எழுத்து என்று பிரித்துச் சொல்கிறேன்.